அமெரிக்கா கிளம்புறீங்களா? ஹெல்த் இன்சூரன்ஸ்ல முதல் 30 நாள் ரொம்ப முக்கியம்

விசா ஸ்டாம்பிங் முடிஞ்சு டிக்கெட் போட்டாச்சுன்னா எல்லாரும் குக்கர், சாம்பார் பொடி, ஸ்வெட்டர்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுறாங்க, இன்சூரன்ஸ் பத்தி கேட்டா மட்டும் "அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்"னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. கம்பெனி பாத்துக்காதுங்க. கம்பெனி ஒரு லிங்க் அனுப்பும், அவ்வளவுதான், அதுக்குள்ள போய் ப்ளான் செலக்ட் பண்றது, மனைவி குழந்தைங்க பேரைச் சேக்குறது எல்லாம் நம்ம வேலை, அதுக்கு பெரும்பாலும் 30 நாள்தான் டைம். அதை விட்டா வருஷக் கடைசில வர்ற ஓபன் என்ரோல்மென்ட் (எல்லாரும் ப்ளான்ல சேர, மாத்த வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கிற நேரம்) வரைக்கும் காத்திருக்கணும், நடுவுல யாருக்காவது அப்பென்டிக்ஸ்னு வந்தா மொத்த பில்லும் நம்ம தலையில.

அதனால ஆஃபர் லெட்டர் வந்த உடனே எச்.ஆர் கிட்ட மூணு விஷயம் கேளுங்க, மெயில்லயே பதில் வாங்குங்க. கவரேஜ் எந்தத் தேதில இருந்து? சில இடத்துல சேந்த நாள்லயே, சில இடத்துல அடுத்த மாசம் 1-ஆம் தேதி, சட்டப்படி 90 நாள் வரைக்கும் காக்க வைக்கலாம். ரெண்டாவது, குடும்பத்துக்கு மாசம் எவ்வளவு பிடிப்பீங்க? வேலை பாக்குறவருக்கு மட்டும்னா கம்பெனி முக்கால்வாசி கட்டும், குடும்பம்னு வரும்போது பிடித்தம் சட்டுனு ஏறிடும், சம்பளம் பேசும்போதே இது தெரிஞ்சிருக்கணும். மூணாவது, குடும்பம் ஆறு மாசம் கழிச்சு எச்-4ல (எச்-1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கான விசா) வந்தா அப்ப சேக்கலாமா? இதுக்கு ப்ளானுக்கு ப்ளான் பதில் மாறும். கம்பெனில முடியாதுன்னு சொன்னாலும் இன்னொரு வழி இருக்கு: வெளிநாட்டுல இருந்து அமெரிக்காவுக்கு குடிவந்த 60 நாளுக்குள்ள மார்க்கெட்ப்ளேஸ்னு அரசாங்கம் நடத்துற இன்சூரன்ஸ் சந்தையில தனியா ப்ளான் எடுக்கலாம், எச்-1பி, எச்-4 காரங்களும் எடுக்கலாம். இறங்குன நாளுக்கும் கவரேஜ் ஆரம்பிக்கிற நாளுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிக்கு ஊர்லயே ஒரு டிராவல் இன்சூரன்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க.

இப்ப ப்ளான் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், ஏன்னா நம்ம ஊர் மெடிக்ளெய்ம் மாதிரி "அஞ்சு லட்சம் கவர்"னு இங்க யோசிக்கவே கூடாது. ஒரு ஆபரேஷன், இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரியோட பேசி வெச்சிருக்கிற ரேட் 10,000 டாலர்னு வெச்சுக்கோங்க. உங்க டிடக்டிபிள் 2,000, அப்படின்னா வருஷத்துல முதல் 2,000 முழுசா நீங்கதான் கட்டணும். மிச்சம் 8,000ல 20 சதவீதம் நம்ம பங்கு, அதுக்குப் பேர் கோஇன்சூரன்ஸ், 1,600. ஆக மொத்தம் கையில இருந்து 3,600 டாலர், இன்சூரன்ஸ் இருந்தும்! அப்புறம் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம்னு ஒரு நம்பர் இருக்கும், வருஷத்துல நம்ம பங்கு அதைத் தொட்டதுக்கு அப்புறம் நெட்வொர்க்குக்குள்ள (நம்ம ப்ளானோட ஒப்பந்தம் போட்டிருக்கிற டாக்டர், ஆஸ்பத்திரி) பாக்குற வைத்தியத்துக்கு நாம கட்ட வேண்டாம். 2026-க்கு சட்டம் வெச்சிருக்கிற உச்சவரம்பு தனி ஆளுக்கு 10,600, குடும்பத்துக்கு 21,200 டாலர். ப்ளான் பாக்கும்போது எல்லாரும் மாச ப்ரீமியத்தை மட்டும் பாக்குறாங்க, நான் சொல்றது இந்த நம்பரை முதல்ல பாருங்க, ஒரு மோசமான வருஷம் வந்தா அதிகபட்சம் எவ்வளவு போகும்னு அதுதான் சொல்லும்.

சின்ன வயசு, மாத்திரை மருந்து எதுவும் இல்லைன்னா டிடக்டிபிள் பெருசா இருக்கிற ப்ளானும், எச்.எஸ்.ஏன்னு வைத்தியச் செலவுக்குன்னே பணம் சேக்குற அக்கவுன்ட்டும் நல்லாவே ஒத்து வரும், அதுல போடுற பணத்துக்கு ஃபெடரல் வரி கிடையாது, வேலை மாறினாலும் அந்தப் பணம் உங்களோடதுதான். ஆனா வீட்ல குழந்தை பிளான் பண்றீங்க, இல்ல யாருக்காவது சுகர், தைராய்டு இருக்குன்னா ப்ரீமியம் கூட இருந்தாலும் டிடக்டிபிள் கம்மியான ப்ளான்தான் நிம்மதி. ஏற்கனவே இருக்கிற நோயைக் காட்டி கம்பெனி ப்ளான்ல மறுக்க முடியாது, 2014ல இருந்து சட்டம் அப்படி, அதனால எதையும் மறைக்காதீங்க.

நெட்வொர்க். இதை மட்டும் மறந்துடாதீங்க. டாக்டர் ஆஃபீஸ்ல "என் இன்சூரன்ஸ் எடுத்துப்பீங்களா"னு கேட்டா எல்லாரும் ஆமாம்னு சொல்லிடுவாங்க, "என் ப்ளானுக்கு நீங்க இன்-நெட்வொர்க்கா"னு ப்ளான் பேரைச் சொல்லிக் கேக்கணும்.

எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். வந்த மூணாவது வாரம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, பையனுக்கு 103 காய்ச்சல், உடம்பு அனலா கொதிக்குது. இன்சூரன்ஸ் கார்டு இன்னும் தபால்ல வரல. பயத்துல நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடினோம், நாலு மணி நேரம் உக்காந்து, மூக்குல ஒரு டெஸ்ட் எடுத்து, காய்ச்சல் சிரப் ஒரு டோஸ் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரி பில் ஒண்ணு, டாக்டர் பில் தனியா ஒண்ணு, ரெண்டும் சேத்து 2,100 டாலர். மனைவி அந்தக் கவரைப் பிடிச்சிட்டு அப்படியே சோபால உக்காந்துட்டா. திருப்பித் திருப்பிப் படிச்சப்பதான் தெரிஞ்சது, இன்சூரன்ஸ்னு இருக்கிற கட்டம் ரெண்டு பில்லுலயும் காலி. போன் பண்ணி மெம்பர் நம்பரைக் குடுத்தோம், திரும்ப க்ளெய்ம் போட்டாங்க, 900 சொச்சமா குறைஞ்சது, டிடக்டிபிள் முடியாததால அதை நாங்கதான் கட்டினோம். கார்டு கைக்கு வரலைன்னாலும் என்ரோல் பண்ணியிருந்தா கவரேஜ் இருக்கு, ஆப்லயே கார்டு இருக்கும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரெண்டு பேர் போன்லயும் வெச்சுக்கோங்க.

அந்த மாதிரி காய்ச்சல், சின்ன வெட்டு, காது வலிக்கெல்லாம் அர்ஜென்ட் கேர் (முன்கூட்டி நேரம் வாங்காம போற சின்ன கிளினிக்) போதும், செலவுல மடங்கு கணக்குல வித்தியாசம். ராத்திரில மூடிடுவாங்க, அப்ப கார்டு பின்னாடி நர்ஸ் லைன் நம்பர் இருக்கான்னு பாருங்க, நிறைய ப்ளான்ல 24 மணி நேரமும் நர்ஸ் பேசுவாங்க. ஆனா நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுறதுன்னா பணத்தை யோசிக்காதீங்க, 911 அடிங்க, கைக்குழந்தைக்கு காய்ச்சல்னா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. எமர்ஜென்சில பணம் இருக்கா இன்சூரன்ஸ் இருக்கான்னு பாத்துட்டு திருப்பி அனுப்ப முடியாது, 1986 சட்டம் அது. 2022ல இருந்து இன்னொரு பாதுகாப்பும் உண்டு, எமர்ஜென்சில நெட்வொர்க்குக்கு வெளில இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் இன்-நெட்வொர்க் கணக்குலதான் உங்க பங்கு வரணும். ரோட்டுல வர்ற ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது.

தபால்ல இன்சூரன்ஸ்காரங்க கிட்ட இருந்து பெரிய தொகையோட ஒரு காகிதம் வரும், "இது பில் அல்ல"னு மேலயே போட்டிருக்கும், அதைப் பாத்து பதறி பணம் கட்டிடாதீங்க. ஆஸ்பத்திரி பில் வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வெச்சு தொகை ஒத்துப் போகுதான்னு பாருங்க, போகலைன்னா ஐட்டம் வாரியா பில் கேளுங்க, வட்டியில்லாம தவணை கேளுங்க, கேட்டா தர்ற இடம் நிறைய.

வேலை போயிட்டா கோப்ராங்கிற சட்டம் மூலமா அதே ப்ளானை வழக்கமா 18 மாசம் வரைக்கும் தொடரலாம், ஆனா கம்பெனி கட்டின பங்கையும் சேத்து நாமளே கட்டணும், 102 சதவீதம் வரை. முடிவு பண்ண 60 நாள் டைம் உண்டு, எடுத்தா பழைய தேதில இருந்தே கணக்கு. இங்க குழந்தை பொறந்தாலும் கம்பெனி ப்ளான்ல 30 நாளுக்குள்ள பேரைச் சேத்துடணும், தூக்கமில்லாத அந்த மாசத்துல நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், போன்ல இப்பவே ரிமைண்டர் போடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஊர்லயே பல் வேலை, கண்ணாடி எல்லாம் முடிச்சிடுங்க, இங்க பல்லுக்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் தனி இன்சூரன்ஸ். குழந்தையோட தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மூணு மாச மருந்து, அதுக்கு டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல, எல்லாம் செக்-இன் பெட்டியில போடாம கைப்பையில வெச்சுக்கோங்க.