லென்ஸ் ஷார்ப்பாக இல்லையா? சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் லென்ஸை வைத்து "ஷார்ப்பா வரலை" என்று மட்டும் சொன்னால், துடைத்து, ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு லென்ஸில் இருக்கலாம், பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) இருக்கலாம், அல்லது தனித்தனியாக இரண்டும் சரியாக இருந்து சேரும்போது மட்டும் ஒத்துவராமல் போகலாம். இந்த மூன்றில் எது என்று வீட்டிலேயே ஒரு மதியத்தில் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஆதாரப் படங்களோடு போகிறவருக்குத்தான் சரியான வேலை நடக்கும்.

முதலில் சந்தேகத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். முன்னால் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள், மலிவு ஃபில்டர் நல்ல லென்ஸையே மங்கலாக்கிவிடும். ஷட்டர் ஸ்பீட் போதுமா என்று பாருங்கள், கல்யாண மண்டப வெளிச்சத்தில் 1/60-ல் கையில் பிடித்து 85 எம்எம் எடுத்தால் வருவது கை ஆட்டம், ஃபோகஸ் பிழை இல்லை. லென்ஸின் பின்பக்கம் இருக்கும் உலோகத் தொடர்புகளை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அப்புறம் இருட்டறையில் அபர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) முழுசாகத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், பனி படர்ந்த மாதிரி வெளுப்பு இருந்தால் ஹேஸ். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஈரக்காற்றில் பையிலேயே மாதக்கணக்கில் கிடந்த லென்ஸுக்கு இது சகஜம். இவை இரண்டுக்கும் கேலிப்ரேஷன் (ஃபோகஸ் விழும் இடத்தைத் திருத்துவது) மருந்து இல்லை, லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இதெல்லாம் இல்லை என்றால்தான் ஃபோகஸ் பக்கம் வர வேண்டும்.

உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக எடுக்கும்போது ஃபோகஸைக் கணக்கிடுவது படம் பதியும் சென்சார் இல்லை. பிரதான கண்ணாடியின் நடுப்பகுதி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் ஊடுருவி, அதன் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பட்டு, பாடியின் அடியில் இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லென்ஸிலிருந்து அந்தச் சென்சாருக்கு உள்ள தூரமும், படம் பதியும் சென்சாருக்கு உள்ள தூரமும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் கேமரா "ஃபோகஸ் ஆச்சு" என்று பீப் அடிக்கும், படத்தில் ஃபோகஸ் வேறு இடத்தில் நிற்கும். ஃபுல் ஃபிரேமில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8-ல் வைத்து இரண்டு மீட்டரில் ஒருவரை எடுத்தால் ஷார்ப்பாக இருக்கும் ஆழமே சுமார் 6 சென்டிமீட்டர்தான், அதனால்தான் கண்ணில் புள்ளியை வைத்தும் காது மட்டும் பளிச்சென்று விழுகிறது. அப்படி விழுந்தால் பேக் ஃபோகஸ். மூக்கு நுனி ஷார்ப்பாக, கண் மங்கலாக வந்தால் ஃப்ரண்ட் ஃபோகஸ். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. மிரர்லெஸ்காரர்கள், கீழே லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லை சாய்ந்திருப்பதைப் பற்றிச் சொல்லும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

இப்போது சோதனை. நல்ல கறுப்பு வெள்ளை அச்சுள்ள ஒரு தாளை அட்டையில் ஒட்டி, கேமராவுக்கு நேர் எதிரே, சாயாமல் நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள், அதன் நடு அளவு தாளின் தளத்தோடு ஒட்டி இருக்கட்டும். பலர் ஸ்கேல் மேலேயே ஃபோகஸ் வைக்கிறார்கள், அது தப்பு. வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிட உண்மையான ஃபோகஸ் பரப்பு பெரிது, சாய்ந்த ஸ்கேலில் எந்தக் கோட்டைப் பிடித்தது என்று தெரியவே தெரியாது. ஃபோகஸ் எப்போதும் தட்டையான தாளில், ஸ்கேல் படிக்க மட்டும். தூரம் ஃபோகல் நீளத்தைப் போல 50 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது 50 எம்எம்முக்கு இரண்டரை மீட்டர், 200 எம்எம்முக்கு 10 மீட்டர். ஆனால் நீங்கள் ஒரே தூரத்தில்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் அந்தத் தூரத்தில் சோதிப்பதே மேல்.

ட்ரைபாட் கட்டாயம். ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைத் தணிக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள், ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் முழுசாகத் திறந்து, சிங்கிள் ஷாட் ஆட்டோ ஃபோகஸ், நடுப் புள்ளி மட்டும், இரண்டு விநாடி டைமர். வெளிச்சம் ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சமாக இருந்தால் நல்லது, மஞ்சள் பல்பிலும் மினுக்கும் எல்இடியிலும் சில பாடிகளின் ஃபோகஸ் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டுத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும், ஒரு தடவை இன்ஃபினிட்டி பக்கம், ஒரு தடவை கிட்டப் பக்கம். வியூஃபைண்டர் வழியாக இப்படிப் பத்துப் படம், அதே இடத்தில் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை, இதில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸைப் பார்க்கும்) ஐந்து படம். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

லைவ் வியூ படம் ஷார்ப், வியூஃபைண்டர் படம் எல்லாமே ஒரே பக்கமாக ஒரே அளவு தள்ளி இருக்கிறது என்றால் இது கேலிப்ரேஷன் விஷயம், கவலையே வேண்டாம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறினால் மோட்டாரிலோ ஃபோகஸ் சென்சாரிலோ கோளாறு, கீழே சொல்லும் திருத்த எண் எதைப் போட்டாலும் சரியாகாது. லைவ் வியூ படமே மங்கல் என்றால் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி வில்லைகளில்தான் பிரச்சினை. அடுத்து இதே சோதனையை இன்னொரு லென்ஸ் போட்டுச் செய்யுங்கள். இருக்கிற லென்ஸ் எல்லாம் ஒரே பக்கம் தள்ளினால் லென்ஸைத் திட்ட வேண்டாம், பாடிதான் காரணம். முடிந்தால் நண்பரின் பாடியிலும் மாட்டிப் பாருங்கள்.

கேலிப்ரேஷன் விஷயம் என்று தெரிந்தால் பல பாடிகளில் நீங்களே திருத்தலாம். நிக்கானில் இதற்கு ஏஎஃப் ஃபைன்-டியூன் என்று பெயர், டி7000 வரிசை, டி750 ஆகியவற்றில் உண்டு, டி3500, டி5600-ல் இல்லை. கேனானில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், 70டி, 80டி-யில் உண்டு, 1500டி, 200டி-யில் இல்லை. இரண்டிலும் மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பிளஸ், பின்னால் விழுந்தால் மைனஸ். ஐந்தைந்தாக நகர்த்தி, நெருங்கியதும் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். எல்லா லென்ஸுக்கும் பொதுவாகப் போடாமல் அந்த லென்ஸுக்கு மட்டும் சேமியுங்கள். நிக்கான் டி500, டி850 வைத்திருப்பவர்கள் லைவ் வியூவில் ஃபோகஸ் வைத்துவிட்டு, ஃபோகஸ் மோட் பட்டனையும் வீடியோ ரெக்கார்ட் பட்டனையும் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்தினால் கேமராவே எண்ணைச் சொல்லும். நல்ல வசதிதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு எண் தரும், அதனால் சில தடவை செய்து சராசரி எடுங்கள்.

ஜூமில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, 24-70 எம்எம் லென்ஸ் என்றால் 24-ல் ஒரு திருத்தமும் 70-ல் வேறு திருத்தமும் தேவைப்படலாம். கேனான் 5டி மார்க் 3 மாதிரியானவற்றில் வைடுக்கும் (ஜூமின் சிறிய எண் முனை) டெலிக்கும் (பெரிய எண் முனை) தனித்தனி எண் போடலாம், ஒரே எண் போடும் பாடி என்றால் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் முனைக்குச் சரிசெய்யுங்கள். சிக்மாவின் ஆர்ட், கன்டெம்பரரி வரிசை டிஎஸ்எல்ஆர் லென்ஸ் என்றால் அவர்களின் யுஎஸ்பி டாக் (லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வாங்கினால் லென்ஸுக்குள்ளேயே திருத்தம் எழுதலாம். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸில் நான்கு தூரங்களுக்கு, ஜூமில் நான்கு ஃபோகல் நீளங்களுக்கு நான்கு தூரம் வீதம் 16 இடங்களுக்கு. பாடியில் வசதி இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. டாம்ரானிலும் சில லென்ஸ்களுக்கு இதே மாதிரி டேப்-இன் கன்சோல் இருக்கிறது.

எண் 15, 18 என்று எல்லையை நெருங்கினால் நிறுத்திவிட்டு சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.

படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக வந்தால் அது வேறு கதை, லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி வில்லை மையம் விலகியோ சாய்ந்தோ இருக்கலாம். கீழே விழுந்த லென்ஸில் இது அடிக்கடி வரும், புதுசிலும் வருவதுண்டு. மொட்டை மாடியில் ட்ரைபாட் போட்டு, மிகத் தூரத்தில் இருக்கும் செல்போன் டவரை நடுவில் வைத்து லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தைத் தொடாமல் அதே டவர் நான்கு மூலைகளிலும் வருமாறு ஒவ்வொரு படம் எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அந்த லென்ஸின் இயல்பே அது. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் கலைந்திருந்தால்தான் கோளாறு, இதை வீட்டில் தொடவே கூடாது.

சர்வீஸுக்குப் போகும்போது லென்ஸோடு பாடியையும் கொண்டு போங்கள், இதை மட்டும் விடாதீர்கள். நீங்கள் போட்ட ஃபைன்-டியூன் எண்ணைப் பூஜ்யமாக்கி, அணைத்துவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் திருத்தியதன் மேல் உங்கள் திருத்தமும் ஏறிவிடும். சோதனைப் படங்களை எடிட் செய்யாமல், கேமரா தகவல்கள் அழியாமல் பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம் உதவாது. ஜாப் ஷீட்டில் "ஷார்ப் இல்லை" என்று எழுத விடாமல் "வியூஃபைண்டரில் மட்டும் பேக் ஃபோகஸ், எஃப் 1.8, இரண்டரை மீட்டரில், லைவ் வியூவில் சரி" என்று எழுதச் சொல்லுங்கள். சீரியல் நம்பரும், ஏற்கெனவே இருக்கும் கீறலும் அதில் இருக்கட்டும். பிரிப்பதற்கு முன் எஸ்டிமேட் கேளுங்கள், வாரன்டி இருந்தால் பில்லைக் காட்டுங்கள்.

திரும்ப வாங்கும்போது வீட்டுக்கு ஓடாமல் அங்கேயே மெமரி கார்டு போட்டு நான்கு ஷாட் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஜூமை முழுக்க ஓட்டுங்கள், வளையம் எங்கேயாவது இறுகுகிறதா, உள்ளே புதிதாகத் தூசி தெரிகிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே தாள், அதே தூரம், அதே ஜன்னல் வெளிச்சத்தில் முழுச் சோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். பழைய படங்களோடு வைத்துப் பார்த்து ஃபோகஸ் இன்னும் தள்ளியே நின்றால், அதே ஜாப் ஷீட்டோடு உடனே திரும்பப் போங்கள், நாள் தள்ளினால் செய்த வேலைக்கான கேரண்டி முடிந்துவிடும்.