டிரைபாட்டும் 50 மி.மீ. லென்ஸும் போதும்: ஓரியன் நெபுலாவைப் படம் எடுப்பது எப்படி?

தை, மாசி மாதங்களில் இரவு எட்டரை, ஒன்பது மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாக ஒரே வரிசையில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. அவற்றுக்கு மேலே இடப்பக்கம் செம்மையாக இருப்பது திருவாதிரை. கீழே வலப்பக்கம் நீலவெள்ளையாக மின்னுவது ரைஜெல். அந்த மூன்றுக்கும் கீழே, இடுப்பில் தொங்கும் வாளைப் போல மங்கலாக இன்னொரு சின்ன வரிசை இருக்கும். அதன் நடுவில் இருப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். புள்ளியாக நிற்காமல், பஞ்சு ஒட்டியதைப் போல் கலங்கித் தெரியும்.

அதுதான் ஓரியன் நெபுலா. மெஸ்ஸியர் என்ற வானியலாளர் தொகுத்த பட்டியலில் 42ஆவது என்பதால் வானம் பார்ப்பவர்கள் 'எம் 42' என்பார்கள். ஏறத்தாழ 1,340 ஒளியாண்டு தொலைவில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு மேகம் அது. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்கர் 11 அங்குல டெலஸ்கோப்பில் 51 நிமிடம் எக்ஸ்போஷர் கொடுத்து இதைப் படமெடுத்தார். ஒரு நெபுலா முதன்முதலில் படமானது அப்போதுதான். இன்று உங்கள் வீட்டு அலமாரியில் தூங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவால், அவருக்குக் கிடைக்காத நிறத்தோடு அதை எடுக்க முடியும்.

"டெலஸ்கோப் வாங்கிவிட்டு ஆரம்பிக்கிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மங்கலான பொருளை எடுக்கப் பெரிதாக்கிக் காட்டும் கருவியைவிட, ஒளியைச் சேர்த்துவைக்கும் பொறுமைதான் முதலில் தேவை. எம் 42 ஒன்றும் சின்னது கிடையாது. அதன் குறுக்களவு முழுநிலாவைப் போல் இரண்டு மடங்கு. 50 மி.மீ. லென்ஸில் எடுத்தாலே படத்தில் சுமார் 200 பிக்சல் அகலத்துக்கு விழும். முதல் படத்துக்கு அது தாராளம்.

எதற்கு நூற்றுக்கணக்கில் படம்?

பூமி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. டிரைபாடில் அசையாமல் நிற்கும் கேமராவில் 30 விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். மூன்று விநாடியோடு நிறுத்தினால் புள்ளியாக இருக்கும், ஆனால் நெபுலா இருளில் அமுங்கிப்போகும். இதற்கு வழி, மூன்று விநாடிப் படங்களை 300, 400 என்று எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. இதைத்தான் ஸ்டாக்கிங் என்கிறோம்.

நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் நட்சத்திரங்களோடு சேர்ந்து அதே இடத்தில் இருக்கும். 'நாய்ஸ்' என்று நாம் சொல்லும் மணல் தூவிய மாதிரியான புள்ளிகளோ ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழும். நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திச் சராசரி எடுக்கும்போது ஒளி நிற்கிறது, புள்ளிகள் ஒன்றையொன்று கரைத்துவிடுகின்றன. 100 படம் அடுக்கினால் படத்தின் தெளிவு 10 மடங்கு கூடும், 400 அடுக்கினால் 20 மடங்கு. வர்க்கமூலக் கணக்குதான். முதல் நூறில் கிடைக்கும் முன்னேற்றம் பெரிது, அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

நாளும் இடமும்

தினசரி காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் நல்லவை. தை அமாவாசை இதற்கென்றே அமைந்த மாதிரி வரும். ஐப்பசி, கார்த்திகையிலும் ஓரியன் வரும், ஆனால் வடகிழக்குப் பருவமழை மேகம் விடாது. ஜனவரி நடுவில் இரவு பத்து மணிக்கும், பிப்ரவரி நடுவில் எட்டு மணிக்கும் எம் 42 உச்சத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் நமக்கு ஒரு வசதி உண்டு: அது 70 பாகைக்கும் மேலே ஏறிவிடும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது இவ்வளவு உயரம் ஏறாது.

இடம் எவ்வளவு இருட்டோ அவ்வளவு நல்லது. 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் ஜவ்வாது மலையின் காவலூரில் இருப்பது சும்மா இல்லை. மலைக்குப் போக முடியாதவர்கள் ஊருக்கு வெளியே, தெற்குப் பக்கம் பெரிய நகரம் இல்லாத ஒரு வயல்வெளியைப் பாருங்கள். தெரிந்தவர் நிலமாக இருக்கட்டும், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: கேமரா, டிரைபாட், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், முழுச் சார்ஜோடு இரண்டு பேட்டரி, 32 ஜி.பி. மெமரி கார்டு, பூட்டிவைக்கக்கூடிய பொத்தானோடு ஒரு கேபிள் ரிமோட். சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகியது கெடாது. சாதாரண டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றினாலும் சரி.

கேமரா அமைப்புகள்

மேனுவல் மோடு. ஃபைல் வகை 'ரா'. ஜேபெக்கில் எடுத்தால் மங்கலான பகுதியின் தகவலைக் கேமராவே தூக்கி எறிந்துவிடும், அது திரும்ப வராது. வொயிட் பேலன்ஸ் டேலைட். லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ், ஸ்டெபிலைசர் இரண்டையும் அணையுங்கள். மெனுவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருந்தால் அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் போகும்.

அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறந்திருக்கும் துளையை, எஃப் 2.2 அல்லது 2.8 வையுங்கள். 1.8இல் ஒளி அதிகம் வரும், ஆனால் ஓரத்து நட்சத்திரங்கள் சிறகு முளைத்த மாதிரி இழுபடும். ஐ.எஸ்.ஓ. 1600.

ஷட்டருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 300ஐ லென்ஸின் மி.மீ. அளவாலும் கேமராவின் கிராப் அளவாலும் (சென்சார் முழு ஃபிரேமைவிட எத்தனை மடங்கு சின்னது என்ற எண்) வகுங்கள். கேனானின் ஏ.பி.எஸ்.-சி. எனும் சின்ன சென்சார் கேமராவில் கிராப் 1.6. 50 மி.மீ. லென்ஸுக்கு 3.75 வரும், மூன்று விநாடி வையுங்கள். நிக்கானில் 1.5, ஆகவே நான்கு. இதே கணக்கை 500இலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. அது பால்வீதியை அகல லென்ஸில் எடுப்பவர்களுக்கு ஒத்துவரும். எம் 42 வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே நட்சத்திரங்கள் நகரும் வேகம் அதிகம். 500 கணக்கில் எடுத்தால் எல்லாம் அரிசி மணியாகத் தெரியும்.

ஃபோகஸ்

இந்த ஒரு படிக்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும். என் முதல் இரவில் லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்துவிட்டு நம்பிக்கையோடு 250 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் சின்ன வடை மாதிரி இருந்தது. அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. அந்தக் குறியை நம்பாதீர்கள்.

ரைஜெலையோ, இன்னும் பிரகாசமான சிரியஸையோ திரையின் நடுவில் கொண்டுவாருங்கள். லைவ் வியூவைப் போட்டு 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பினால் மங்கிய வட்டம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும். அப்போது நிறுத்தாதீர்கள், இன்னும் ஒரு மயிரிழை தாண்டுங்கள். நட்சத்திரத்தைச் சுற்றி ஊதாவாகவோ பச்சையாகவோ ஒரு விளிம்பு எட்டிப்பார்த்து, மறுபடி வட்டம் பெருக்கும். இப்போது அதே மயிரிழை பின்னால் வாருங்கள். சரியான இடத்தில் நிற்கும்போது, அதுவரை திரையில் இல்லாத குட்டி நட்சத்திரங்கள் பக்கத்தில் திடீரென்று தலைகாட்டும். அதுதான் அடையாளம். வளையம் அசையாமல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

எடுக்கும் நேரம்

எம் 42ஐ நடுவில் வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரங்கள் உருண்டையாக இருக்கின்றனவா? நடுவில் ஒரு ரோஸ் நிறக் கறை தெரிகிறதா? ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தில் மோதாமல் கொஞ்சமாவது விலகி நிற்கிறதா? மோதினால் ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்குங்கள்.

எல்லாம் சரியென்றால் கேமராவைத் தொடர்ச்சியாக எடுக்கும் மோடில் வைத்து, ரிமோட் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். க்ளிக், க்ளிக் என்று தானாக எடுத்துக்கொண்டே போகும். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெபுலாவை மறுபடி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 400 படம் என்றால் மொத்தம் 20 நிமிட எக்ஸ்போஷர்.

மார்கழி, தையில் பனி லென்ஸின்மேல் படியும். சத்தமில்லாமல் வரும். நட்சத்திரங்கள் மெல்ல ஒளிவட்டம் கட்டும், பிறகு படமே பால் ஊற்றினாற்போல் ஆகிவிடும். லென்ஸ் ஹூட்டை மாட்டுங்கள். யு.எஸ்.பி.யில் ஓடும் சூடேற்றும் பட்டை கிடைத்தால் லென்ஸின் மேல்பக்கமாகச் சுற்றிப் பவர் பேங்கில் இணையுங்கள். இரண்டும் போதாத இரவுகளில் கால் மணிக்கு ஒருமுறை டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். துணியால் தேய்க்க வேண்டாம்.

கிளம்பும் முன் இன்னும் பத்து நிமிடம் வேலை இருக்கிறது. லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐ.எஸ்.ஓ., அதே மூன்று விநாடியில் 30 படம் எடுங்கள். இவை டார்க் படங்கள், சென்சாரின் சூட்டில் வரும் புள்ளிகளைக் கழிக்க உதவும். வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறியிருக்கும், அங்கேயே எடுத்துவிடுங்கள். அடுத்து லென்ஸின்மேல் சுருக்கமில்லாமல் வெள்ளை பனியனை இழுத்துப் போர்த்தி, லேப்டாப் அல்லது டேப்லட்டின் வெள்ளைத் திரையை நேரெதிரே பிடித்து, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி 30 படம். இவை ஃபிளாட் படங்கள், மூலைகளில் விழும் நிழலையும் தூசிக் கறையையும் நீக்கும். இதற்கு ஃபோகஸ், அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ. மாறக்கூடாது, ஷட்டர் மாறலாம். கடைசியாக மூடியைப் போட்டு, கேமராவின் மிக வேகமான ஷட்டரில் 30 பயாஸ் படம். சென்சார் ஒவ்வொரு படத்திலும் தானாகச் சேர்க்கும் அடிப்படை அளவைக் கழிக்க இவை உதவும்.

அடுக்குவது

விண்டோஸ் கணினியில் டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருள் போதும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிரில் உண்டு, அதுவும் இலவசம். நெபுலா படங்களை 'லைட்' என்றும், மற்றவற்றை டார்க், ஃபிளாட், பயாஸ் என்றும் தனித்தனியாகச் சேருங்கள். அதற்கு முன் மேகம் கடந்த படங்களையும் டிரைபாட் ஆடிய படங்களையும் கண்ணால் பார்த்து நீக்கிவிடுங்கள். சேர்க்கும் முறையில் 'கப்பா சிக்மா கிளிப்பிங்' தேர்ந்தெடுத்தால், குறுக்கே போன விமானமும் செயற்கைக்கோளும் தானாக மறைந்துவிடும். 400 ரா படம் என்றால் கணினிக்கு நேரம் பிடிக்கும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

முடிவில் வரும் படம் கருப்பாக, ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். பலர் இங்கேதான் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். எல்லாம் உள்ளே இருக்கிறது, இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். 16 பிட் டிஃப் ஃபைலாகச் சேமித்து கிம்ப்பில் திறந்து, 'கர்வ்ஸ்' கருவியில் இருண்ட பகுதியைக் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். ஒரேயடியாக இழுக்காமல் ஐந்தாறு தடவையாக. இரண்டாம் மூன்றாம் தடவையில் நெபுலாவின் இறக்கைகள் விரிவதைப் பார்ப்பீர்கள். பின்னணியை முழுக் கருப்பாக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இரவு வானம் அடர் சாம்பலாகவே இருக்கட்டும், மங்கலான வாயு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

சிவப்பு நீங்கள் பார்த்த படங்களின் அளவுக்கு வராது. ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பின் பெரும்பகுதியைக் கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றி மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். எம் 42 மாற்றாத கேமராவிலும் ரோஸாகவும் ஊதாவாகவும் அழகாக வரும்.

ரா ஃபைல்களை அழிக்காமல், அந்த இரவின் டார்க், ஃபிளாட், பயாஸோடு தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள். மாசி அமாவாசைக்கு இன்னொரு 400 எடுத்து, இரண்டு இரவையும் டீப் ஸ்கை ஸ்டாக்கரில் தனித்தனி குரூப்பாகக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே படமாக அடுக்கித் தரும்.