எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் எட்டக்கூடிய இலக்குகளை வகுப்பது எப்படி?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், எடைக்கருவி காட்டும் எண்ணை மட்டுமே இலக்காகக் கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் விரைவாக இறங்கும் எடை, உணவிலும் நடையிலும் எந்தத் தவறும் நேராதபோதும் இடையிடையே சில நாட்கள் அசையாமல் நிற்பதுண்டு, அதைக் கண்டு மனம் உடைந்துபோனவர்கள் பலர்.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் செயலையே இலக்காக எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் அனுமதித்த பின், நீங்கள் மதுரையில் இருந்தால், வண்டியூர் தெப்பக்குளத்தை மாலையில் ஒரு முறை சுற்றி வருவது முதல் இலக்காகலாம். அது எளிதாகக் கைகூடிய பிறகு இரண்டு சுற்று, சில மாதங்கள் கழித்துத் திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் என்று படிப்படியாக நீட்டலாம்.

உணவில் இலக்கு இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்களுக்குரியதை உணவியல் நிபுணரிடம் கேட்டறிந்து, முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை முதலில் உண்டு, இட்லியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு 30 நிமிடம் கழித்தே தண்ணீர் அருந்துங்கள். ஜிகர்தண்டா போன்ற இனிப்புப் பானங்கள், குறிப்பாக இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும்) முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, படபடப்பையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும். கல்யாணப் பந்தியில் உறவினர் அன்போடு மீண்டும் பரிமாற வரும்போது "போதும்" என்று சொல்லப் பழகுவதையும், என் கருத்தில், தனி இலக்காகவே எழுத வேண்டும்.

மருத்துவர் தந்த வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உடல் நலமாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாமல், அவர் சொன்ன காலம் முழுவதும் உட்கொள்ளுங்கள்.