மூன்றாம் எண்ணில் விழும் வாரியல்

முற்றம் பெருக்குவதற்கு வேகமான குத்துப்பாட்டுதான் ஏற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். பத்தாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. தக்கலைப் பக்கத்தில், பலா இலை ஓயாமல் உதிரும் எங்கள் முற்றத்திற்கு நான் நம்பியிருப்பது, 1960களின் இறுதியில் ஜமைக்காவில் உருவான ரெகே இசையை. அதிலும் பாப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவினரும் 1977இல் ‘எக்ஸோடஸ்’ தொகுப்பில் வெளியிட்ட ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ என்னும் மூன்று நிமிடப் பாடலை.

முதலில் தாளம் பிடிபட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேட்டால், ரெகேக்கே உரிய ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் எண் காலியாக இருப்பதும், டிரம்மின் கனத்த அடி மூன்றில் விழுவதும், இரண்டிலும் நான்கிலும் கிட்டார் சுருக்கென்று வெட்டிச் செல்வதும் புலப்படும். அந்தக் காலி எண்ணில் வாரியலைத் தூக்கி முன்னே கொண்டுபோக வேண்டும். மூன்றில் இழுக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை உள்ளே வாங்கி, இழுக்கும்போது வெளியே விடலாம். ஈர்க்கில் மண்ணில் உரசும் ஓசையும் டிரம் அடியும் ஒன்றாக விழத் தொடங்கிய பிறகு எண்ணவே தேவையில்லை, கை தானாக நடக்கும்.

தேங்காய் துருவுவதற்கும் இதே கணக்குதான்: ஒன்றில் சிரட்டையைத் திருப்பி, மூன்றில் அழுத்த வேண்டும். சாளை மீனின் செதிலை உரசும் வரை பாட்டு ஓடலாம்; கத்தியை எடுத்ததும் நிறுத்திவிடுவது விரலுக்கு நல்லது.

ரெகேயின் பாதி உயிர் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த, கனத்த ஒலியில் இருக்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய கேட்பதே இல்லை. செம்புக்குள் கைபேசியைப் போட்டு வைப்பது சத்தத்தைக் கூட்டுமே தவிர, பேஸைத் தராது. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை அறையின் மூலையில், சுவரை ஒட்டித் தரையில் வைத்துப் பாருங்கள். அதே பாட்டு கனத்துக் கேட்கும். சமையல் வேளையில் இயர்போன் மட்டும் வேண்டாம். நான் அதை மாட்டியிருந்த ஒரு நாள், குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் பருப்பு அடிப்பிடித்து, பாத்திரம் தேய்க்கும் வேலைக்கும் அதே பாடலைப் போட வேண்டியதாயிற்று.

கடிகாரமாகவும் இப்பாடல் உதவும். தோலுரித்து நறுக்கிய மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, கொதிநீரில் இட்டு, பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், ஐந்தாவது முறை முடிகிறபோது ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். நன்றாக வெந்திருந்தால் அந்தத் தண்ணீரை மறக்காமல் வடித்துக் கொட்டிவிட வேண்டும்.