20-ஆவது நிமிடத்துக்கு டியூன் பண்ணுங்கள்: டிராக் காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுக்குருந்தை கார்ப் பந்தய டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓடிவிட்டு வந்து, மறுநாள் உப்புவெளியில் வீட்டு முற்றத்தில் வைத்து என் சிவிக்கின் நாலு பிளக்கையும் கழற்றினேன். மூன்று பிளக் நல்ல பழுப்பு நிறம். மூன்றாம் சிலிண்டர் பிளக்கில் மட்டும் வெள்ளைப் பீங்கானின் மேல் ஊசிமுனை அளவில் சின்னச் சின்னப் புள்ளிகள். தூசியாக்கும் என்று நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. வெயிலில் திருப்பிப் பார்த்தால் வெள்ளி மாதிரி மினுங்குகிறது. அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம்.

ஓடும்போது எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஹெல்மெட், சைலென்சர் இரைச்சல், டயர் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் கேட்கவும் முடியாது. காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு வலு அளக்கும் டைனோவில் அடித்துத் தந்த தாளிலோ குதிரைவலுக் கோடு வழுவழுவென்று ஏறியிருந்தது. அந்தத் தாளில் பிழை இல்லை. ஆனால் அது குளிர்ந்த எஞ்சினில், முன்னால் பெரிய விசிறி ஓட, பத்து வினாடி இழுத்து எடுத்த கணக்கு. டிராக்கில் கார் 20 நிமிடம் விடாமல் முழுத் துரொட்டிலில் ஓடுகிறது. பொனட்டுக்குள் காற்று கொதிக்கிறது, ஒயில் தண்ணீர் மாதிரி இளகுகிறது, ரேடியேற்றர் திணறுகிறது. நான் டியூன் பண்ணியது முதல் நிமிடத்துக்கு. உடைய இருந்தது 20-ஆவது நிமிடத்தில். திருகோணமலையிலிருந்து டிராக்குக்குப் போகிற தம்பிமார் பலரின் காரில் நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

சூட்டைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

எஞ்சின் நொக் அடிப்பது என்றால் என்ன? பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுக்கப் பரவ முன்னரே, ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி பிஸ்டன் தலையைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு இது சுலபமாக நடக்கும்.

காலை 32 பாகையில் டியூன் பண்ணிய கார், மதியம் மூன்றாவது ஓட்டத்தில் 55 பாகைக் காற்றை உறிஞ்சுகிறது. அப்போது பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, தானாகப் பின்னுக்கு இழுக்க, எஞ்சினின் கணினியான ஈசியூவுக்குள் ஒரு தனி அட்டவணை இருக்கிறது. உள்ளெடுக்கும் காற்றின் வெப்பத்தைப் பார்த்து டைமிங்கில் இத்தனை பாகை குறை என்று சொல்லும் அட்டவணை. என் காரில் அது முழுக்கப் பூச்சியமாக இருந்தது. டியூன் பண்ணியவர் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. காரை எடுக்க முன் இந்த அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 40, 50, 60 பாகை வெப்பத்துக்கு எதிரே எண்கள் இருக்க வேண்டும். பூச்சியம் என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

எங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். வாடைக் காலத்தில், மார்கழி மழைக்குள், குளிர்ந்த காற்றில் டியூன் பண்ணிய கார் ஆடியில் கச்சான் என்கிற சுடுகாற்று வீசும்போது வேறு கார். கச்சான் அடிக்கிற நாளில் பகல் இரண்டு மணிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே சூடான நாளில், சூடான எஞ்சினில் சரிபார்த்து முடியுங்கள். குளிரில் கார் கொஞ்சம் மந்தமாக இருந்தால் இருக்கட்டும்.

பொனட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு பில்டரும் இதே கதைதான். உறிஞ்சும் சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் ரேடியேற்றரைக் கடந்து வந்த சுடுகாற்றை அல்லவா அது குடிக்கிறது? 20 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் 50 பாகைக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. வலுவும் போகிறது, நொக்கும் கிட்ட வருகிறது. பம்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குழாயும், பில்டரைச் சுற்றி ஒரு தகர மறைப்பும் போட ஆகும் செலவு கொஞ்சம்தான்.

பெற்றோல்

ஜப்பானில் எங்கள் கார்கள் பிறந்த காலத்தில் அவற்றுக்கென்று சொல்லப்பட்டது ஹை-ஒக் பெற்றோல். அங்கே அதன் ஒக்டேன், அதாவது நொக்கைத் தாங்கும் அளவு, குறைந்தது 96, கடையில் கிடைப்பது பெரும்பாலும் 98 முதல் 100 வரை. இங்கே சாதாரணமாகக் கிடைப்பவை 92, 95 இரண்டும்தான். கலவையை அமுக்கும் அழுத்த விகிதம் 10-ஐத் தாண்டிய ஒரு ஹொண்டா பி16 எஞ்சின், கம்பனி மேப்பிலேயே (மேப் என்பது ஈசியூவிலுள்ள பெற்றோல், டைமிங் அட்டவணைகள்), எங்கள் பெற்றோலுக்கு விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். ஜப்பானிலோ இங்கிலாந்திலோ ஒருவர் தன் காருக்குச் செய்த மேப்பை இறக்கி அப்படியே ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே விளங்கும். எஞ்சின் ஒன்றாக இருக்கலாம். பெற்றோலும் காற்றும் வேறு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவில் வரிசையாக நிற்கிற ஊர் இது. ஆனாலும் 2022-இல் வரிசையில் காத்திருந்த எவருக்கும், கிடைத்ததை அடிக்கிற நாள் எப்படி வரும் என்று தெரியும். 95-க்கு டியூன் பண்ணிய காரில் ஒரு நாள் 92 அடிக்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு மேப் வைத்து மாற்றக்கூடிய ஈசியூ என்றால் 92-க்கு ஒன்றும் செய்து வையுங்கள். அந்த வசதி இல்லை என்றால் 92 அடித்த அன்று டிராக்கில் இறங்காதீர்கள். கானில் மாதக்கணக்கில் வைத்திருந்த பெற்றோலையும் டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும், மிஞ்சியது நீங்கள் டியூன் பண்ணிய பெற்றோல் இல்லை.

ஒக்டேன் கூட்டும் போத்தல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போத்தலில் 30 பொயின்ற் கூடும் என்று எழுதியிருந்தால் 92 என்பது 122 ஆகாது. அவர்கள் கணக்கில் ஒரு பொயின்ற் என்பது 0.1. ஆகவே கூடுவது 3, அதுவும் சொன்ன அளவு கலந்தால். சில போத்தல்களில் உள்ள மங்கனீசு பிளக் பீங்கானைச் செம்மஞ்சளாக்கிவிடும், பிறகு பிளக்கைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

டைமிங்கும் கலவையும்

டைமிங்கை முன்னுக்குத் தள்ளத் தள்ள வலு கூடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடும், ஒரு கட்டம் வரை. அதன் பிறகு ஒவ்வொரு பாகைக்கும் சிலிண்டர் அழுத்தம்தான் கூடும், சில்லுக்கு ஒன்றும் வராது. எங்கள் பெற்றோலில் டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தைத் தொடவே மாட்டா, அதற்கு முன்னரே நொக் வந்துவிடும். டைனோவில் 2 பாகை ஏற்றி 1 குதிரைவலு கூடினால் அந்த 2 பாகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கவனிக்க வேண்டிய இடமும் உச்ச ஆர்பிஎம் மட்டும் இல்லை. முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் நடு ஆர்பிஎம்மில்தான் சிலிண்டரில் அழுத்தம் அதிகம். வளைவிலிருந்து வெளியே வந்து துரொட்டிலை மிதிக்கும் இடம் அதுவே.

கலவைக்கு வருவோம். 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெற்றோல் என்பது வீதியில் மெதுவாக ஓடுவதற்கு. முழுத் துரொட்டிலில் டர்போ இல்லாத எஞ்சினுக்கு 12.8 முதல் 13.2 வரை, டர்போ என்றால் 11 முதல் 11.8 வரை என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. டிராக்கில் நீண்ட நேரம் ஓடும் காருக்கு நான் பெற்றோல் கூடின பக்கமே சாய்வேன். காருடன் வந்த பழைய ஒட்சிசன் சென்சரை நம்பி இதைச் செய்ய முடியாது. 14.7-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். கலவை எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும் வைட்பாண்ட் சென்சர் வேண்டும்.

வைட்பாண்டும் ஏமாற்றும். சென்சருக்கு முன்னால் எக்சோஸ்ட் ஒழுகினால் வெளிக்காற்று உள்ளே போய், பெற்றோல் குறைவு என்று காட்டும். பிளக் ஒன்று சரியாக எரியாவிட்டாலும், எரியாத ஒட்சிசனைப் பார்த்து அதையே சொல்லும். அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும். எண் திடீரென்று 16, 17 என்று குதித்தால் லப்டொப்பைத் தொட முன் பிளக்கையும் கொயிலையும் பாருங்கள்.

உப்புக் காற்று

இதைக் கொழும்பில் டியூன் பண்ணுகிறவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. கடலுக்கு நூறு மீற்றர் தள்ளி வருடக்கணக்காக நிற்கிற காரில் முதலில் அரிக்கப்படுவது, மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் ஏர்த் வயர்.

நிலாவெளியில் ஒரு நண்பரின் காரில் பார்த்தது இது. பற்றரியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற பின்னல் வயர் மேலே பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றி வயரை மடக்கியதும் உள்ளிருந்து பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கொட்டியது. இழைகளில் பாதி இல்லை. பக்கத்திலிருந்த சென்சர் ஏர்த் முனையும் அதே கதி. அவரும் நானும் அதற்கு முன் மூன்று வாரமாக மேப்பைத் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் புகை தள்ளும்.

என்ன நடக்கிறது என்றால், வெப்பச் சென்சர்கள் சூடாகச் சூடாக வோல்டேஜ் குறைந்து காட்டுபவை. ஏர்த் கெட்டால் வோல்டேஜ் சற்று உயர்ந்து நிற்கும். ஈசியூ அதைக் குளிர் என்று வாசிக்கும். தண்ணீர்ச் சென்சரில் அப்படி நடந்தால் தேவையில்லாமல் பெற்றோல் கூட்டும், புகை வரும், அவ்வளவுதான். காற்றுச் சென்சரில் நடந்தால், நான் மேலே சொன்ன அந்தப் பாதுகாப்பு அட்டவணை இருந்தும் வேலை செய்யாது. காற்று கொதிக்கும்போது டைமிங் பின்னுக்கு வராது.

எனவே டியூனிங்குக்குப் பணம் கட்ட முன், மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸில், மறுமுனையை எஞ்சின் பிளொக்கில் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரை மாற்றுங்கள். அப்புறம் நாலு சிலிண்டரின் கொம்பிரஷனையும், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது உள்ளே வரும் அழுத்தத்தையும், அளந்து எழுதிவையுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் டியூனிங்கை நிறுத்திவிட்டு எஞ்சினைப் பாருங்கள். எங்கள் கராஜ் அண்ணா ஒருவர் சொல்வார், “தம்பி, காய்ச்சல்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு விடாத” என்று.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. குழாய்களுக்குள் படிந்துவிட்டால் எந்த விசிறியும் உதவாது. வடித்த தண்ணீரும் கூலன்ரும் போதும்.

வளைவில் நடப்பதை டைனோ காட்டாது

டைனோவில் கார் அசைவதில்லை. டிராக்கில் நீண்ட வளைவில் ஒயில் எல்லாம் எஞ்சினின் அடித்தட்டான சம்பின் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ ஒயில் அழுத்தம் என்பது பழைய கைக்கணக்கு. 7000-இல் வளைவுக்குள் அது 20-க்கு விழுந்து எழும்பினால் பெயாரிங் தேய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சம்புக்குள் தடுப்புத் தகடு போடாமல் ஒட்டும் டயர் மாட்டுவது, பிரச்சினையை நாமே கூப்பிடுவது. டாங்கியில் கால்வாசிக்குக் கீழே பெற்றோல் இருந்தாலும் இதே மாதிரி பம்ப் வெறும் காற்றை இழுக்கும், கலவை மெலிந்துவிடும். ஒயில் அழுத்தம், கலவை இரண்டையும் ஈசியூவில் பதிவு செய்யலாம். ஒயில் அழுத்தம் விழுந்தால் எஞ்சினை வெட்டும் பாதுகாப்பு இருந்தால், தொல்லை என்று அதை நிறுத்திவைக்க வேண்டாம். பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்ரர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருந்தால் பெரியதாக மாற்றாமல் இன்னும் வலு தேடவும் வேண்டாம்.

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் எங்கள் கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றழுத்தம் அளக்கும் சென்சர் உள்ள மேப் இதைத் தானே சமாளிக்கும். துரொட்டில் திறப்பை மட்டும் வைத்து ஓடும் மேப்பும் காபரேற்றரும் அங்கே பெற்றோல் கூடிப் புகைக்கும், வலு குறையும், எஞ்சின் தப்பும். ஆபத்து திரும்பி வரும்போது. மேலே வைத்துப் பெற்றோலைக் குறைத்து, டைமிங்கை ஏற்றி, அதே மேப்போடு கீழே இறங்கிக் கட்டுக்குருந்தையில் மிதித்தால் பிஸ்டன் போகும். மலைக்கு ஒரு மேப், கடற்கரைக்கு ஒரு மேப்.

வீதியில் டியூன் பண்ணுவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டைனோவுக்காகக் கொழும்புப் பக்கம் போவது பெரிய அலைச்சல், எனக்கும் தெரியும். அதற்காக நிலாவெளி வீதியிலோ கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலோ முழுத் துரொட்டிலில் இழுத்து மேப் பண்ணாதீர்கள். ஒன்றில் சைக்கிளும் மாடும் பள்ளிப் பிள்ளைகளும், மற்றதில் அந்தி சாய்ந்தால் யானை. ஐட்லிங், மெதுவான ஓட்டம், பாதித் துரொட்டில் இவற்றை வீதியில் சரிசெய்யலாம். ஒருவர் ஓட்ட, மற்றவர் லப்டொப்பைப் பார்க்க வேண்டும். மிச்சத்தை ஒரே தடவையில், வைட்பாண்ட் பதிவையும் காற்று வெப்பப் பதிவையும் கையில் எடுத்துக்கொண்டு, டைனோவில் போய் முடியுங்கள். அங்கே கடைசி இழுவையை எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தாளில் எண் குறைவாகத்தான் வரும். நான் இப்போது காருக்குள் வைத்திருப்பது அந்தத் தாளைத்தான், பக்கத்தில் ஒரு பிளக் சாவியோடு.