பொள்ளாச்சிப் பக்கம் குழந்தைகளோடு போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வண்டியைத் திருப்புவது வழக்கம். காலையில் ஆழியாறு அணை, மதியம் டாப்சிலிப் காடு, சாயங்காலம் மலைமேல் வால்பாறையில் ரூம் என்று ஒரே நாளுக்குத் திட்டம் போடுவார்கள். இந்தப் பக்கம் குடும்பத்தோடு வருகிறவர்கள் படுகிற பாட்டில் பாதி இந்தத் திட்டத்திலிருந்தே தொடங்குகிறது. அவசரத்தில் சாப்பாடு தள்ளிப்போகும், குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள், செக்போஸ்ட் மூடியிருக்கும், இருட்டில் மலை இறங்க வேண்டிவரும்.

வரைபடத்தில் டாப்சிலிப்பும் வால்பாறையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பொதுமக்கள் போகிற சாலை கிடையாது. டாப்சிலிப்பிலிருந்து சேத்துமடைக்கு இறங்கி, ஆனைமலை வழியாக ஆழியாறு வந்து, அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர்தான். சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகிற தூரம் இது. இங்கே குழந்தைகளோடு போனால் நிறுத்தி நிறுத்திப் போக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்தால் போதும். ஒரு நாள் ஆழியாறும் வால்பாறைச் சாலையும், ஒரு நாள் டாப்சிலிப், இன்னொரு நாள் உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலையும் அமராவதி அணையும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஆழியாறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வால்பாறைச் சாலையில் ஏறுமுன் குழந்தைகளுக்குப் பூரியும் வடையுமாக வயிறு முட்ட வாங்கிக் கொடுப்பதை நிறையப் பார்க்கிறோம். பத்தாவது வளைவுக்குள் அதெல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு இட்லி கொடுத்து ஏறுங்கள், போன் பார்க்க விடாதீர்கள், ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் இறங்கிக் காற்று வாங்க விடுங்கள். கீழே ஆழியாறு அணை மொத்தமும் அங்கிருந்து தெரியும். அதுபோக 2025 நவம்பரிலிருந்து வால்பாறை போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு சிக்னல் தேடாமல் முந்தின நாளே வீட்டிலிருந்து எடுத்துவைத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

திருமூர்த்தி மலையில் அமணலிங்கேஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடுகிற ஆறு, மேலே பஞ்சலிங்க அருவியிலிருந்து வருகிறது. கோயில் வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மலைமேல் குருமலை, குழிப்பட்டிப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும். கோயிலையே வெள்ளம் சூழ்ந்த ஆண்டுகள் பல. ஆகவே கோயில் ஊழியரோ வனத்துறையினரோ ‘மேலே போகாதீங்க’ என்றால், ‘தண்ணி கொஞ்சமாத்தானே ஓடுது’ என்று வாதம் செய்யாதீர்கள். மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தாலோ, ஓடுகிற தண்ணீர் திடீரென்று கலங்கி மண் நிறமாகி இலையும் சுள்ளியும் வந்தாலோ யாராவது சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள்.

ஆழியாற்றிலும் வால்பாறை ஆறுகளிலும் ஆபத்து வேறு விதம். மேலே பார்த்தால் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக, முழங்கால் அளவு ஓடும். இரண்டு எட்டு தள்ளி, சுழலோ மணல் அரித்த பள்ளமோ இருக்கும். 2023 அக்டோபரில் வால்பாறைப் பக்கம் சோலையாறு எஸ்டேட் அருகே ஆற்றில் இறங்கிய கல்லூரி மாணவர்கள் 5 பேர் ஒரே நாளில் மூழ்கிப் போனார்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று இறங்கிப் போனவர்கள் அவர்களில் உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி. ‘குளிக்கத் தடை’ பலகை வைத்திருக்கிற இடம் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையை இழந்த இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் ஆடியே ஆக வேண்டும் என்றால் குரங்கு அருவிக்கு, அதாவது கவியருவிக்கு, வனத்துறை அனுமதிக்கிற நாளில் கூட்டிப் போங்கள். குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த அருவிக்கும் நேரம் காலம் உண்டு. மே மாத லீவில் துண்டும் மாற்றுத்துணியுமாக வந்து, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் ஏராளம். கோடையில் தண்ணீர் வற்றிவிடும், தென்மேற்குப் பருவமழை வலுத்தால் வெள்ளம் என்று மூடிவிடுவார்கள். மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி நாட்கள்தான் குழந்தைகளோடு வர நல்ல காலம். அருவியில் தண்ணீர் இருக்கும், காடு பச்சையாக இருக்கும், அட்டைப்பூச்சித் தொல்லையும் குறைந்திருக்கும். எந்த மாதமானாலும் ஆழியாறு செக்போஸ்ட்டில் ‘அருவி திறந்திருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மேலே போங்கள்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுப்பதை விளையாட்டு என்று நினைக்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கார் கண்ணாடியை இறக்கி, குழந்தை கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து நீட்டச் சொல்லி போட்டோ எடுப்பார்கள். குரங்கு பிஸ்கட்டை மட்டும் பார்ப்பதில்லை; குழந்தையின் மடியில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட்டையும் பார்க்கிறது. ஒரு கையால் கதவைப் பிடித்து, உடம்பைப் பாதி உள்ளே விட்டு, பல்லைக் காட்டி அந்தப் பாக்கெட்டைப் பிடுங்கும்போது குழந்தையும் விடாமல் இழுக்கும். கீறலோ கடியோ பட்டால் உல்லாசப் பயணம் ஊசி போடுகிற பயணமாக மாறிவிடும். அதைவிட, தீனி கிடைக்கிறது என்று சாலையோரத்திலேயே உட்கார்ந்து பழகிய குரங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாண்டிப் போவதற்காக மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டால் அந்த உழைப்பை வீணாக்க வேண்டாம்.

சாலையில் யானை நின்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தள்ளியே நிறுத்தி, காத்திருப்பது. ஹாரன் அடிப்பது, விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது, இறங்கி வீடியோ எடுப்பது, ‘சந்து இருக்கு, போயிடலாம்’ என்று ஓரமாக நுழைவது எல்லாமே உயிரோடு விளையாடுவது. 2025 பிப்ரவரியில் இதே வால்பாறைச் சாலையில் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க, பைக்கில் யானையைக் கடக்கப் பார்த்த ஜெர்மனி நாட்டுப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்துபோனார். தேயிலைத் தோட்டத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளே சிறுத்தைக்குப் பலியாகியிருக்கிற ஊர் அது. போட்டோவுக்காகச் சின்னப் பிள்ளைகளைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனியாக ஓடவிடக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு கூடவே கூடாது. தோட்டங்கள் தனியாருடையவை என்பதால் கேட்காமல் நுழைவதும் முறையில்லை.

டாப்சிலிப் போகிறவர்களின் ஏமாற்றம் எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. புலி பார்க்கப் போகிறோம் என்று குழந்தையிடம் சொல்லிக் கூட்டி வந்தால், வேனில் ஒரு மணி நேரம் சுற்றி மானையும் காட்டெருமையையும் மட்டும் பார்த்துத் திரும்பும்போது அழாமல் என்ன செய்யும்? சொல்ல வேண்டிய கதை வேறு இருக்கிறது. மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரிவில் வழுக்கி விட்டதால்தான் இந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பேர் வந்தது. வெட்டி அழித்த காட்டில் தேக்கை மறுபடி வளரச் செய்த ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அவர் 1933-ல் இறந்தார். பக்கத்தில் கோழிகமுத்தி யானை முகாமில் யானைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் மலசர் இன மக்கள். ஊருக்குள் புகுந்த காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் 99 முறை களமிறங்கிய கலீம் என்ற கும்கி யானை, 2023-ல் வனத்துறை அணிவகுத்து மரியாதை செய்ய, இங்கேதான் ஓய்வு பெற்றது. இதையெல்லாம் போகிற வழியிலேயே சொல்லிக்கொண்டு போனால், யானை குளிக்கிறதைப் பார்த்தே பிள்ளைகள் வாய்பிளந்து நிற்பார்கள். முகாமுக்கு வனத்துறை வண்டியில்தான் போக முடியும், கிட்டே போய்த் தொடவோ தின்னக் கொடுக்கவோ நினைக்கக் கூடாது.

டாப்சிலிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம். கேரளாவில் இருக்கிற இடம், ஆனால் போகிற சாலை தமிழ்நாடு வழியாகத்தான். இங்கே வாங்கிய டிக்கெட் அங்கே செல்லாது. செக்போஸ்ட் வேறு, கட்டணம் வேறு, சஃபாரி வேறு. அங்கே இருக்கிற கன்னிமாரா தேக்கு என்ற பழமையான பெரிய மரத்தைப் பார்க்க ஆசை என்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிக் காலையிலேயே போய்விடுங்கள். சேத்துமடையைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னல் நம்ப முடியாது, சாப்பாட்டுக்கும் பெரிதாக வழியில்லை. குழந்தைக்குப் பால், மருந்து, மதியச் சாப்பாடு எல்லாம் கீழேயே கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், செக்போஸ்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

இவ்வளவு சுற்றுகிறவர்கள் பொள்ளாச்சி என்கிற ஊரையே பார்க்காமல் பைபாஸில் போய்விடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தமான தவறு. செவ்வாயும் வியாழனும் கூடுகிற மாட்டுச்சந்தை தென்னிந்தியாவின் பெரிய சந்தைகளில் ஒன்று. கேரளாவுக்கு மாடு போகிற முக்கியமான வழி இது. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டைக் கைமேல் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் சிரிப்பா, முறைப்பா என்று பார்த்துத்தான் பேரம் படிந்ததா என்று ஊகிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான கணக்குப் பாடம் உண்டா? காலையில் சீக்கிரம் போங்கள். பொழுது ஏறினால் வியாபாரம் முடிந்துவிடும். மாட்டின் பின்பக்கம் நிற்க விடாதீர்கள், ஆட்களைப் போட்டோ எடுக்குமுன் கேட்டுவிடுங்கள், பழைய செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பும் வாய்க்காலும்தான். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கேட்டால் உள்ளே விடுவார்கள். பாகு கொதிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் மட்டும் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெகமத்தில் சேலை நெய்கிற தறிகளைப் பார்க்கலாம். பொங்கலை ஒட்டிப் பலூன் திருவிழா நடந்தால், பத்து மணிக்கு எழுந்து போய்ப் பயனில்லை. காற்று அடங்கியிருக்கிற விடியற்காலையில்தான் பலூன்கள் பறக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்துவிட்டால் தரையிலேயே சுருட்டி வைத்துவிடுவார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அமாவாசையைத் தவிர்த்து வேறு நாள் பார்த்தால், கைக்குழந்தையோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.