அண்ணா சாலையில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

எல்.ஐ.சி. ஸ்டாப்பில் ஒரு பெரியவர் முகவரிச் சீட்டை நீட்டி வழி கேட்டார். மடித்து மடித்து நைந்துபோன தாள். 'அண்ணா சாலை, சென்னை' என்றிருந்தது, சரி. அதன் கீழே 600035. அது நந்தனம்! மெட்ரோ படிக்கட்டு வரை கூட்டிப்போய், "நாலாவது ஸ்டேஷன்ல இறங்குங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினேன்.

பலரும் செய்கிற தவறு இது. அண்ணா சாலை என்றால் ஏதோ ஒரே இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். கூவம் கரையில் தொடங்கி கிண்டி கத்திப்பாரா வரை பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சாலை இது. அதனால் முதலில் பின்கோடைப் பாருங்கள். 600002 என்றால் சிம்சன், எல்.ஐ.சி. பக்கம். 600006 ஆயிரம் விளக்கு, 600018 தேனாம்பேட்டை, 600015 சைதாப்பேட்டை. கதவு எண்ணை நம்பி நடக்காதீர்கள். பழைய எண், புதிய எண் என இரண்டு இருக்கும். பக்கத்தில் எந்த ஸ்டாப் என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், 'அண்ணா' என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறிவிடக் கூடாது. அண்ணா சதுக்கம் மெரினாவில் இருக்கிறது. அண்ணா நகர் வேறு திசை. 1973-ல் திறந்த அண்ணா மேம்பாலம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது, ஆனால் ஊர் அதை ஜெமினி என்றே சொல்லும். அங்கிருந்த ஜெமினி சினிமா ஸ்டூடியோ போய்விட்டது, பெயர் போகவில்லை. பரங்கிமலைக்குப் போகும் வழி என்பதால் இந்தச் சாலைக்கு வந்த 'மவுண்ட் ரோடு' என்ற பழைய பெயரும் அப்படித்தான். இரண்டு பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தடுப்பைத் தாண்டிக் குதித்துச் சாலையைக் கடக்கவே கடக்காதீர்கள். அண்ணா சிலை அருகே சுரங்கப்பாதை இருக்கிறது. இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. 2019-ல் மெட்ரோ முழுதாக வந்த பிறகு, இந்தச் சாலையின் அடியிலேயே போய்வந்து, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பலர் ஊர் திரும்புகிறார்கள். ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன், சிம்சனிலிருந்து ஸ்பென்சர் பிளாசா வரை நடந்து பாருங்கள். 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை வழியில் வரும். 1959-ல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று, நம் தாத்தா பாட்டிகள் ஊரிலிருந்து வந்து எண்ணிய அந்தப் பதினாலு மாடிகளையும் நீங்களும் ஒருமுறை அண்ணாந்து எண்ணுங்கள்.